கடல் கடக்காத கூட்டுப் படிப்பு: யாருக்குக் கிட்டும்?

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் விமான டிக்கெட், விசா, வங்கிக் கடன், அதற்கு ஈடாக எழுதிக் கொடுக்கும் வீட்டுப் பத்திரம் ஆகியவைதாம் நினைவுக்கு வருகின்றன. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து படிப்புக்காக வெளிநாடு சென்றவர்கள் சுமார் ஏழரை லட்சம் பேர். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் 2021-22-ஆம் கல்வியாண்டில் இந்நாட்டு உயர் கல்வி நிலையங்களில் படித்தவர்களோ 4 கோடியே 33 லட்சம் பேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு கூடத் தேறவில்லை.

மீதிப் பேர் யார்? தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துகொண்டு பக்கத்துக் கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளைகள்; பகலில் கடையிலோ ஆபீசிலோ வேலை பார்த்துவிட்டு மாலைக் கல்லூரிக்கு ஓடுகிறவர்கள்; குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்கள். வேறு நாட்டு மாணவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்து பார்க்கும் அனுபவம் இவர்களுக்குக் கிட்டவே கிட்டாதா?

கிட்டும் என்று சொல்லும் ஒரு முறை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உலகில் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு வகுப்புகள் இணையத்தின் வழியாகச் சேர்ந்து சில வாரங்கள் ஒரே வேலையைச் செய்வது என்பதுதான் அது. மாணவர் இடம் பெயர்வதில்லை. கல்லூரிகளுக்கிடையே பணம் கைமாறுவதில்லை. மனப்பாடத்தில் முடங்கிய படைப்பாற்றலை இம்முறை தட்டி எழுப்பும் என்று இதன் ஆதரவாளர்கள் கூறுகிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை, நம் பிள்ளைகளுக்கு இது வந்து சேர என்ன தடை என்பவற்றை ஆராய்வது பயனுடையது.

திரைப்பட வகுப்பில் பிறந்தது

இம்முறையின் தொடக்கம் கம்ப்யூட்டர் துறையிலோ நிர்வாகப் படிப்பிலோ அல்ல. ஒரு திரைப்பட வகுப்பில். நியூயார்க் மாநில அரசுப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பர்ச்சேஸ் கல்லூரியில் ஜான் ரூபின் என்பவர் திரைப்படம் கற்பித்து வந்தார். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் தம் மாணவர்களை பெலாரூஸ் நாட்டு மாணவர்களோடு இணையத்தின் மூலம் இணைத்து, இரு தரப்பாரும் சேர்ந்து சிறு வீடியோப் படங்கள் எடுக்கும் பாடம் ஒன்றை நடத்தினார். ஒரு நாட்டுக் குழு ஒரு பகுதியை எடுத்து அனுப்பும். மறு நாட்டுக் குழு அதற்குப் பதிலாகவோ தொடர்ச்சியாகவோ தன் பகுதியை எடுக்கும்.

இதில் உள்ள நுட்பம் எளியது. அடுத்த காட்சி என்ன என்று முதல் குழு மனத்தில் ஒன்றை நினைத்திருக்கும். வருவதோ வேறொன்றாக இருக்கும். தான் சோகமாக எடுத்ததை அவர்கள் வேடிக்கையாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அந்த இடத்தில் மாணவன் தன் படத்தையே புதிய கண்ணோடு பார்க்க வேண்டி வருகிறது. பாடப் புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது.

2006-ஆம் ஆண்டில் அதே பல்கலைக் கழகம் இதற்கெனத் தனி மையம் ஒன்றை ரூபினின் தலைமையில் நிறுவியது. 64 கல்லூரி வளாகங்களைக் கொண்ட பெரிய அரசுப் பல்கலைக் கழகம் அது. ‘கோயில்’ என்று ஆங்கில எழுத்துகளால் சுருக்கி அழைக்கப்படும் இம்முறை (தமிழ்க் கோயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை) அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. ஜப்பானில் ஒசாகாவில் உள்ள கன்சாய் பல்கலைக் கழகம் 2014-ல் இதை ஏற்றது. 2018-ல் ஜப்பானியக் கல்வி அமைச்சகமே, அமெரிக்கப் பல்கலைக் கழகங்களுடன் இவ்வாறு இணையும் தன் நாட்டுப் பல்கலைக் கழகங்களுக்கு நிதி கொடுத்தது. அதே 2018-ல் ஐரோப்பிய ஒன்றியமும் இளைஞர்களுக்கான இணையப் பரிமாற்றத் திட்டம் ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. 2020-ல் கொரோனா நோய் விமானங்களை நிறுத்தியபோது, இதுவரை ஓரத்தில் இருந்த முறை நடுக் கூடத்துக்கு வந்துவிட்டது.

வேலை நடப்பது எப்படி?

இரண்டு ஆசிரியர்கள் முதலில் உடன்பட வேண்டும். ஒருவர் கணக்குப் பதிவியல் ஆசிரியராகவும் மற்றவர் சமூகவியல் ஆசிரியராகவும் கூட இருக்கலாம். இருவர் பாடத்துக்கும் பொதுவான ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து முதல் எட்டு வாரம் வரை காலம். முதல் வாரத்தில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். அடுத்து, ஒரே விஷயம் இரு நாடுகளிலும் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். பிறகு கலப்புக் குழுக்களாகப் பிரிந்து ஒரு பொருளைச் செய்து முடிக்கிறார்கள். அது ஓர் அறிக்கையாகவோ, படமாகவோ, விளம்பரமாகவோ, ஒரு கடைக்கான திட்டமாகவோ இருக்கலாம். கடைசியில் எங்கே தவறினோம், என்ன கற்றோம் என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு மாணவனும் தன் சொந்தக் கல்லூரியிலேயே சம்பளம் கட்டுகிறான்; தன் சொந்த ஆசிரியரிடமே மார்க் வாங்குகிறான்.

நேர வேறுபாடு ஒரு சிக்கல்தான். ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் அன்று. மும்பையில் காலை 10 மணி என்றால் ஒசாகாவில் பிற்பகல் ஒன்றரை. இரண்டுமே வகுப்பு நேரம். நியூயார்க்கில் கோடைக்காலத்துக் காலை 9 மணி என்பது இங்கே மாலை ஆறரை. மாலைக் கல்லூரிக்கு மிகப் பொருத்தமான வேளை. வேலையின் பெரும் பகுதி அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் எழுதிப் போடுவதாகவே இருப்பதால், தினமும் நேருக்கு நேர் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

புதியது தோன்றும் இடம்

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். மும்பையில் ஒரு பி.காம். வகுப்பும் ஒசாகாவில் ஒரு வணிகவியல் வகுப்பும், ‘சிறு கடைக்காரர் பணம் வாங்கும் முறை’ என்ற பொருளை எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மும்பை மாணவனுக்கு அது ஒரு விஷயமே அல்ல. வடா பாவ் வண்டியிலும் கோடுகள் நிறைந்த சதுர அட்டை தொங்குகிறது. செல்போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு வளர்ந்த பிள்ளைக்கு இதில் அதிசயம் ஏது?

ரொக்கம் இன்னும் பரவலாகப் புழங்கும் ஜப்பானிலிருந்து ஒரு மாணவி கேட்பாள்: வண்டிக்காரருக்குக் கை முழுக்க எண்ணெய்; பணம் வந்துவிட்டதென்று அவருக்கு எப்படித் தெரியும்? தொகையைக் குரலில் அறிவிக்கும் சிறு பெட்டி ஒன்று இருக்கிறது என்று இவன் சொல்வான். அந்தப் பெட்டிக்கு வாடகை உண்டா? மின்சாரம் போனால்? எழுதப் படிக்கத் தெரியாத கடைக்காரர் மாதக் கணக்கை எப்படிப் பார்க்கிறார்? ஏமாற்றுபவர் வேறோர் அட்டையை மேலே ஒட்டிவிட்டால்? கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். விடை தேடி அவன் தினமும் கடந்து போகும் வண்டியருகே போய் நின்று விசாரிக்க வேண்டும். அங்கே தீராத குறை ஒன்று தென்படும். அக்குறைக்கு இரு நாட்டு மாணவரும் சேர்ந்து ஒரு வழி சொன்னால், அதுதான் படைப்பு.

படைப்பாற்றல் என்பது ஆகாயத்திலிருந்து விழும் வரம் அன்று. பழகிப்போன ஒன்றை, பழகாதவர் கண்ணால் பார்க்க நேரும்போது பிறப்பது அதில் பெரும் பகுதி. ‘இது இப்படித்தான்’ என்று நினைத்திருந்ததை, ‘ஏன் இப்படி?’ என்று அயலார் ஒருவர் கேட்கிறார். பதில் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தமே சிந்தனையைக் கிளறுகிறது.

இந்த வகையில், வெளி மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு முதல் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று ஒரே செய்தியை நான்கு விதமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை அது. பொங்கல் என்றால் என்ன என்று சக மாணவனுக்கு மகர சங்கராந்தியைச் சொல்லி விளக்கியிருக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு ரேஷன் அலுவலகத்தில் மொழிபெயர்த்திருக்கும். அயலாருக்கு விளக்குவது என்ற கலையில் இது சிறு வயது முதலே பெற்ற பயிற்சி. எந்தத் தேர்வும் இதுவரை இதற்கு மார்க் போட்டதில்லை.

ஆராய்ச்சியின் எச்சரிக்கை

இம்முறையைப் புகழ்வோர் வசதியாக விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. திரை வழியாகக் கூடிப் பேசினால் புதிய யோசனைகள் பெருகும் என்பதற்கு மாறாக, குறையும் என்றே நல்ல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

மெலனி பிரக்ஸ், ஜானதன் லெவாவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, சில ஜோடிகளை ஒரே அறையிலும் சில ஜோடிகளை வீடியோ வழியாகவும் யோசிக்க வைத்தார்கள். ஐரோப்பா, மேற்காசியா, தெற்காசியா ஆகிய பகுதிகளில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,490 என்ஜினீயர்களிடமும் இதே சோதனை நடந்தது. வீடியோ வழியாகப் பேசியவர்களிடம் புதிய யோசனைகள் குறைவாகவே பிறந்தன. கண் திரையிலேயே நிலைகுத்தி நிற்பதால் மனமும் குறுகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் பிறந்துவிட்ட யோசனைகளில் நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வேலையில் வீடியோக்காரர்கள் சளைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2023-ல், அதே இதழில் வேறோர் ஆராய்ச்சி வந்தது. சுமார் இரண்டு கோடி ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் 40 லட்சம் பேட்டன்ட் விண்ணப்பங்களையும் அலசிய பின், தொலைவிலிருந்து கூடி உழைக்கும் குழுக்களிடமிருந்து திருப்புமுனைக் கண்டுபிடிப்புகள் குறைவாகவே வருகின்றன என்று அது கூறியது.

இதனால் இம்முறையே வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது, இரண்டு காரணங்கள் உள்ளன. ஒசாகா மாணவியோடு ஒரே அறையில் உட்கார்ந்து யோசிப்பதா, திரை வழியாக யோசிப்பதா என்ற தேர்வு நம் பி.காம். மாணவன் முன் இல்லை. திரை வழியாகவா, அல்லது அறவே இல்லையா என்பதுதான் அவன் முன் உள்ள தேர்வு. இது முதல் காரணம். இந்த ஆராய்ச்சிகள் வேலையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்கு வழி காட்டுகின்றன என்பது இரண்டாவது. யோசனைகளைப் பிறப்பிக்கும் வேலையை அந்தந்த ஊர் மாணவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முதலில் முடிக்கட்டும். பிறந்தவற்றை எழுதிக் கடல் கடந்து அனுப்பட்டும். கேள்வி கேட்பது, பொறுக்குவது, திருத்துவது ஆகியவற்றுக்குத் திரையைப் பயன்படுத்தட்டும். கேமரா முன் நாற்பது பேரை அடுக்கி வைத்து, ‘சர்வதேசக் கூட்டு வகுப்பு’ என்று போட்டோ எடுத்துப் போடுவதால் எதுவும் பிறக்காது.

யாரையும் கேட்காமல் நுழைந்தவர்கள்

கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் இதற்குப் பல்கலைக் கழகத்தின் அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பொது மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றை உலகெங்கும் உள்ளவர்கள் முகம் பார்க்காமலே சேர்ந்து எழுதுகிறார்கள். இவ்வேலைக்கு இளைஞர்களை இழுப்பதற்காக கூகுள் கம்பெனி 2005-ல் ஒரு கோடைக்காலத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வு பெறுபவருக்கு அனுபவசாலி ஒருவர் வழிகாட்டுவார். வேலையைச் செவ்வனே முடித்தால் உதவித் தொகையும் உண்டு. 2022 முதல் கல்லூரி மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்துவிட்டது.

அத்திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைத் தந்த கல்வி நிலையம் எது? அமெரிக்காவின் பெரும் பல்கலைக் கழகம் எதுவும் அன்று. இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக் கழகம்தான். சிறிய நாடு, குறைந்த வசதி. ஆனால் முன் சென்ற மாணவர் பின் வரும் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டால், ஒரு கல்லூரி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது சான்று. தூரமும் பாஸ்போர்ட்டும் தடையல்ல என்பது இங்கே நிரூபணமாகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் படிக்காத பி.ஏ., பி.காம். மாணவருக்கு இத்தகைய திறந்த வாசல் இல்லை. அவர்களுக்குக் கல்லூரிதான் வாசலைத் திறக்க வேண்டும்.

விதிகள் யார் பக்கம்?

மத்திய அரசு இவ்விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, மனப்பாடத்துக்குப் பதில் படைப்பாற்றலும் ஆராயும் மனமும் வேண்டும் என்கிறது. 2021 ஜூலையில் பல்கலைக் கழக மானியக் குழு, உயர் கல்வியைச் சர்வதேசமயமாக்குவதற்கான நெறிமுறைகளை வெளியிட்டு, பல்கலைக் கழகங்களில் வெளிநாட்டு விவகார அலுவலகம் வேண்டும் என்றது. 2022-ல் வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களோடு சேர்ந்து பட்டம் வழங்குவதற்கான விதிகளையும் கொண்டுவந்தது.

ஆனால் அந்த 2022 விதிகள் யாருக்கு என்று பார்க்க வேண்டும். ‘நாக்’ தர மதிப்பீட்டில் 3.01 புள்ளிக்குக் குறையாமல் பெற்றிருக்க வேண்டும். அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு பல்கலைக் கழகங்களுக்குள் இருக்க வேண்டும். அல்லது சிறப்பு அந்தஸ்து பெற்ற நிலையமாக இருக்க வேண்டும். இணையவழிப் படிப்புகளுக்கு அந்த விதிகள் பொருந்தா. ஆக, நல்ல நிலையில் உள்ள நிலையங்களுக்கு, அதுவும் மாணவர் கடல் கடந்து போவதற்கு, வழி செய்யப்பட்டது. நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருப்பதாக 2021-22 கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்டவை. பாடத் திட்டம் ஓரிடத்தில் தயாராகிறது, கேள்வித்தாள் இன்னோரிடத்தில். வகுப்பு ஆசிரியர் அதில் ஒரு வரியைக் கூட மாற்ற இயலாது.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு வகுப்புகள் ஆறு வாரம் சேர்ந்து வேலை செய்வதற்குக் கூட்டுப் பட்ட ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. பல பல்கலைக் கழகங்களில் பாடங்களுக்கு உள் மதிப்பீட்டு மார்க் என்று ஒரு பங்கு உண்டு. இன்று அது பெரும்பாலும் இணையத்திலிருந்து பிரதி எடுத்து ஒப்படைக்கும் கட்டுரைக்குப் போகிறது. அந்தக் கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கூட்டு வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். ஏற்கெனவே ‘ஸ்வயம்’ தளத்தில் இணையப் பாடம் படித்தால், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவிகிதம் வரை கணக்கில் சேர்க்கலாம் என்று 2021 விதி அனுமதிக்கிறது. உட்கார்ந்து கேட்கும் பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, சேர்ந்து உழைக்கும் பாடத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

மார்க் கிடையாது என்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பையன், மார்க் இல்லாத வேலைக்கு ஆறு வாரம் செலவிட மாட்டான், செலவிடவும் முடியாது. ஆசிரியரும் அப்படித்தான். கற்பிக்கும் நேரத்தில் சேராத வேலையை ஆர்வம் மிகுந்த ஓரிருவர் ஓராண்டு செய்வார்கள். அடுத்த ஆண்டு ஓய்ந்துவிடுவார்கள். கடைசியில் ஆண்டுக்குப் பல லட்சம் வாங்கும் தனியார் பல்கலைக் கழகங்களின் விளம்பரத் தாளில் மட்டுமே இது மிஞ்சும். ஏழை மாணவனுக்காகப் பிறந்த வழி, வசதி படைத்தவனுக்கு மேலும் ஒரு வசதியாக முடிந்துவிடும்.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவரே குழுவில் தலைவராகி, மற்றவர் தலையாட்டும் நிலை எளிதில் வந்துவிடுகிறது. பேச்சுக்கு முன் எழுத்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு, இரு நாட்டுக்கும் சொந்தமான கேள்வி என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே வகுத்தால்தான் இது குறையும். வீட்டில் மூன்று பேருக்கு ஒரே செல்போன் இருந்தால் முதலில் விட்டுக்கொடுப்பவள் மகளாகவே இருப்பாள் என்பது மற்றொன்று. கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையை மாலை எட்டு மணி வரை திறந்து வைப்பது இதற்குப் பரிகாரம். அதற்கு வெளிநாட்டு ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு காவலாளியின் சம்பளம் போதும்.

பெற்றோர் கேட்க வேண்டியது

‘சர்வதேச அனுபவம்’ என்ற பெயரில் சான்றிதழ் விற்கும் கடைகளும் பெருகிவிட்டன. பணம் கட்டினால் வெளிநாட்டு முத்திரையோடு காகிதம் வீடு வந்து சேரும். பிள்ளை இப்படி ஒன்றைக் கொண்டு வந்து காட்டினால், பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டா? மார்க் போடுபவர் கல்லூரியின் சொந்த ஆசிரியரா? ஆறு வாரத்தின் முடிவில் பிள்ளையின் கையில் தானே செய்த பொருள் ஏதாவது இருக்குமா? முதல் கேள்விக்கு ஆம் என்றும் மற்ற இரண்டுக்கும் இல்லை என்றும் பதில் வந்தால், அது கல்வி அன்று; வியாபாரம்.

கல்லூரி முதல்வரிடமும் ஆசிரியர்-பெற்றோர் கூட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேறு நாட்டு வகுப்பு ஒன்றோடு சேர்ந்து நம் கல்லூரி ஒரு பாடமாவது நடத்துமா, அதற்கு மார்க் உண்டா என்பதே அது. இதைக் கேட்பதற்குப் பெற்றோர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

ஊரை விட்டுப் பிழைக்க வந்த தலைமுறை, தெரியாத மொழிக்காரரோடு சேர்ந்து உழைத்தே இந்த நகரங்களில் காலூன்றியது. அந்தப் பாடத்தை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அது கல்லூரியிலேயே, மார்க்கோடு கிடைக்க வழி இருக்கிறது. பெரும் பணமோ புதிய சட்டமோ தேவைப்படாத வழி அது. ஒரு சுற்றறிக்கையும், கொஞ்சம் மனமும் போதும். அந்தச் சுற்றறிக்கையை எழுத வேண்டியவர்கள் பல்கலைக் கழகங்களில் இருக்கிறார்கள்.